செல்விக்கு, அந்தப் பழைய லேப்டாப்பிலிருந்து

அன்பு மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ கேட்ட மூன்றும் கிடைத்துவிட்டன: பிளஸ் டூ மார்க் ஷீட், பி.காம். பட்டம், கல்யாணப் பதிவுச் சான்றிதழ். இதோடு அனுப்பியிருக்கிறேன். எதற்கென்று நான் கேட்கவில்லை. அம்மா கேட்கச் சொன்னாள். சொல்ல வேண்டியதாக இருந்தால் அவளே சொல்வாள் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரிஜினல் இருக்கிறது, ஆனால் அவர்களிடம் கேட்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய். கேட்கவில்லை. பொங்கல்படியும் நீ சொன்ன புதுக் கணக்குக்கே போட்டேன். வந்ததா என்று ஒரு வரி போடு.

லேப்டாப் பீரோவின் மேல்தட்டில் இருந்தது. பேட்டரி போய்விட்டது, சார்ஜரைச் சொருகினால்தான் எரிகிறது. ஆன் செய்ததும் நீ அமைத்து வைத்த அந்தக் கத்தரிப்பூ நிற மெனு வந்தது. மேலே விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் அந்த உபுண்டு லினக்ஸ், கடைசியில் விண்டோஸ். பத்து விநாடிதான் காத்திருக்கிறது. நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் தானாக உபுண்டுவுக்குள் போய்விட்டது. பாதியில் நிற்கிறதே என்று அவசரப்பட்டுச் சார்ஜரைப் பிடுங்கினேன். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்திருப்பேன். அப்புறம் கறுப்புத் திரையில் ஏதோ வரிகள், அடியில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று ஒரு சொல், பக்கத்தில் கோடு. எதைத் தட்டினாலும் அசையவில்லை. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' என்று சுற்றிச்சுற்றி அதே இடத்துக்கு வந்தது. உன் சான்றிதழ்கள் போயேபோய்விட்டன என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் எதிர்வீட்டுப் பாலிடெக்னிக் பையன் வந்து பார்த்தான். "தாத்தா, டிஸ்க் சாகல. எழுதிக்கிட்டு இருக்கும்போதே கரண்டை நிறுத்தியிருக்கீங்க, அதான் உள்ளே கணக்கு குழம்பியிருக்கு" என்றான். சொசைட்டியில் அன்றாடக் கணக்கு எழுதும் சிட்டாவும் பேரேடும் ஒத்துப்போகாத மாதிரி என்று எனக்குப் புரிந்தது. எந்தப் பகுதியில் கோளாறு என்பதை மேலே உள்ள வரியிலேயே அது சொல்லியிருந்தது: டெவ், எஸ்டிஏ ஆறு. அந்தப் பெயருக்கு முன்னால், பிழை பார்க்கும் கட்டளையான எஃப்எஸ்சிகே என்பதைச் சேர்த்து என்டர் தட்டச் சொல்லிவிட்டு அவன் காலேஜுக்குப் போய்விட்டான். ஒவ்வொரு பிழைக்கும் 'சரிசெய்யவா?' என்று அது கேட்டது. நான் ஒவ்வொன்றாகப் படித்து 'ஒய்' தட்டினேன். முக்கால் மணி நேரம். கடைசியில் 'எக்ஸிட்' என்று அடித்ததும் உபுண்டு திறந்துகொண்டது. கட்டளையோடு ஒரு 'ஒய்' சேர்த்தால் அதுவே எல்லாவற்றையும் சரிசெய்துவிடுமாம், சாயங்காலம் வந்து சொன்னான். ஆனாலும் உன் லேப்டாப்பை நானே ஒவ்வொரு பிழையாகப் பார்த்துச் சரிசெய்தது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

விண்டோஸ் எழும்பாவிட்டாலும் அதன் டி டிரைவை உபுண்டுவுக்குள்ளிருந்து திறக்க முடியும் என்பது எனக்குத் தெரியாது. அதில் 'சர்டிபிகேட்' என்ற ஃபோல்டரில் எல்லாம் இருந்தன. முதலில் பென் டிரைவில் காப்பி எடுத்தேன். நீயும் இரண்டு இடத்தில் வைத்துக்கொள். ஒன்று மெயிலில், ஒன்று உன் கைவசம், வேறு யார் கைக்கும் எட்டாத இடத்தில்.

விண்டோஸின் பிழை பார்க்கும் செக் டிஸ்க் ராத்திரி முழுக்க ஓடி, காலையில் விண்டோஸும் எழுந்துவிட்டது. கடிகாரம் மட்டும் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டியது. உபுண்டு மெஷினுக்குள் கிரீன்விச் நேரத்தை எழுதி வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, ஒரு வரியில் மாற்றிவிடலாம் என்றான் பையன். வேண்டாம் என்றேன். இந்தக் குளிர்காலத்தில் இங்கிலாந்தில் நீ இருக்கும் லெஸ்டர் நேரமும் அதுதானே. காலையில் காபி குடிக்கும்போது பார்க்கிறேன், உனக்கு இரவு ஒன்றரை. போன வாரம் அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் நீ பச்சையாக... இல்லை, ஆன்லைன் என்று காட்டியது. ஏன் தூங்கவில்லை? சாப்பிடுகிறாயா? வேலையிலிருந்து வந்ததும் சூடாக எதையாவது குடி. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்.

உபுண்டுவை நீயே போட்டாய் என்று சொன்னபோது பையன் நம்பவில்லை. பி.காம். இரண்டாம் வருஷம், ஹாஸ்டலில், யாரும் சொல்லித் தராமல். எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே வயிற்றில் என்னவோ செய்தது. அதைத்தான் எழுத வேண்டும்.

2012-இல் விலையில்லா மடிக்கணினி உன் கைக்கு வந்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் என்ற நம் நாட்டு லினக்ஸும் இருந்தது. அதில் தமிழ் அடிக்க வசதியாக இருக்கிறது என்று ஆச்சியின் பாட்டுகளை அந்தப் பக்கத்தில்தான் சேர்த்து வைத்தாய். ஆச்சி நடையில் உட்கார்ந்து பாட, நீ மடியில் வைத்து அடிப்பாய். சித்தப்பா வீட்டுக் கல்யாண வீடியோவை ஏற்ற இடம் போதவில்லை என்று ஒருநாள் ராத்திரி நான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். பேரும் எழுத்தும் இல்லாமல் ஒரு பகுதி சும்மா கிடந்தது. விண்டோஸுக்கு லினக்ஸ் பகுதி அப்படித்தான் தெரியும் என்று எனக்குத் தெரியாது. ரைட் கிளிக் செய்து டெலிட் கொடுத்தேன். நிச்சயமா என்று அது கேட்டது. ஆமாம் என்றேன்.

காலையில் நீ ஆன் செய்தபோது 'கிரப் ரெஸ்க்யூ' என்று வந்து நின்றது. மெனுவைக் காட்டும் கிரப்பின் முதல் துண்டு டிஸ்க்கின் தலையில் இருக்குமாம், மீதி லினக்ஸ் பகுதியில். அதை நான் அழித்துவிட்டதால் தலைத்துண்டுக்கு விண்டோஸுக்குப் போகவும் வழி தெரியவில்லை. இந்த விவரம் இப்போது தெரிந்துகொண்டது. ஆனால் நான்தான் அழித்தேன் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். கடைக்காரர், "யார் சார் பார்ட்டிஷனை டெலிட் பண்ணினது?" என்று கேட்டார். "என் பொண்ணுதான் எதையோ நோண்டிட்டா" என்றேன். நீ என் பக்கத்தில்தான் நின்றாய். ஒருதரம் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாய். வீட்டுக்கு வந்து உன்னை அடித்தேன். பரீட்சை முடியும்வரை லேப்டாப்பைப் பூட்டி வைத்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டாம், பி.காம். போதும் என்றதற்கும் இதையே காரணமாகச் சொன்னேன். ஆச்சியிடம் மறுபடி பாடச் சொல்லிக் கேட்க உனக்கு மனசு வரவில்லை. கேட்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதிமூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் நீ யாரிடமும் சொல்லவில்லை. தப்பு உன்மேல் இல்லாதபோதும் பேசாமல் நிற்க நான்தான் உன்னைப் பழக்கிவிட்டேன் என்று இப்போது படுகிறது. என்னை மன்னித்துவிடு அம்மா. இந்த முறை யார் என்ன சொன்னாலும் நான் உன்னிடம்தான் முதலில் கேட்பேன்.

அழிந்த பகுதியை மீட்க முடியுமா என்று பையனிடம் கேட்டேன். அதன்மேல் எத்தனையோ எழுதியாயிற்று, முடியாது என்றான். அம்மாவுக்குப் பாதிப் பாட்டு தெரியும். போனில் பதிந்துகொண்டிருக்கிறேன்.

கல்யாணப் பதிவின் சான்றிட்ட நகல் தேவைப்பட்டால் சொல், சார்பதிவாளர் அலுவலகத்தில் நானே போய் வாங்குகிறேன். ஸ்கேன் மட்டும் போதுமென்றால் இரண்டு இடத்தில் வைத்துக்கொள். எந்த நேரமானாலும் கூப்பிடு. மாடி அறைக்குப் பொங்கலுக்கே வெள்ளையடித்தாயிற்று. போன மாதம் நான் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன், அம்மாவுக்கும் சேர்த்து.

அப்பா
கோவில்பட்டி