அடுத்த தெருவில் மேசை போடுகிறேன், ஐயா

மதிப்பிற்குரிய ஐயா,

பொங்கல் கழிந்ததும் பெங்களூரு அல்சூரில், உங்கள் கடைக்கு அடுத்த தெருவிலேயே, வாட்ச் பழுதுபார்க்கும் மேசை ஒன்று போடப் போகிறேன். முன்பணம் கொடுத்தாகிவிட்டது. பேட்டரி விற்பவர் வழியாக இந்தச் செய்தி உங்கள் காதுக்கு வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நேரில் வந்தால் நீங்கள் காபி வரவழைப்பீர்கள். நானும் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிவிடுவேன்.

நம் தெருக்காரர்களில் சிலர் இதைப் படிப்பார்கள் என்பது தெரியும். ஆகவே உங்கள் மகன் என்னிடம் பேசியது எதுவும் இதில் வராது. அது நம் மூவரோடு இருக்கட்டும்.

எச்.எம்.டி. கம்பெனியின் சாவி கொடுக்கும் ஜனதா வாட்ச்சின் உட்பாகம் முழுவதையும் பிரித்துக் கழுவி மாட்டக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். சக்கரங்களின் மேல் தகட்டை மூடும்போது, "திருகை முழுசா இறுக்காதே, சாவியை ஒரு பல் மட்டும் திருப்பு, கடைசிச் சக்கரம் தானா ஓடுதா பாரு" என்பீர்கள். அது ஓடினால்தான் எல்லா அச்சும் தன்னைத் தாங்கும் சிறு கல்லின் துளையில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்; ஓடாத நிலையில் இறுக்கினால் அச்சு முறிந்துவிடும். இன்றைக்கும் என் கை அந்த வரிசையில்தான் போகிறது. இதற்காக நீங்கள் என்னிடம் ஒரு ரூபாய்கூட வாங்கியதில்லை என்பதைப் படிப்பவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

ஆனால் முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தின் வேகத்தை முறைப்படுத்தும் பேலன்ஸ் வீலை எடுக்கும் வேலை வந்தவுடன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வீர்கள். அதற்குப் பிறகு எனக்குத் தெரிவது உங்கள் முதுகும், ஐ கிளாஸைக் கட்டிய கம்பியும் மட்டும்தான்.

அந்த மழை நாளை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற வங்கிக்காரர் ஒருவர், தன் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட ஜனதாவைக் கொண்டுவந்தார். மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் ஓடுகிறது என்றார். நீங்கள் திரும்பி உட்கார்ந்தீர்கள். வெகுநேரம் பேச்சே இல்லை. பிறகு இழுப்பறையில் கிடந்த வேறொரு பழைய ஜனதாவின் பேலன்ஸை ஸ்பிரிங்கோடு அப்படியே கழற்றி இதில் மாட்டினீர்கள். மாமனார் கொடுத்ததில் ஒரு பாகம் குப்பை டப்பாவுக்குப் போயிற்று. பேலன்ஸோடு சேர்ந்த அந்த மெல்லிய சுருள் கம்பியில், ஹேர் ஸ்பிரிங்கில், என்னதான் கோளாறு, எனக்கும் காட்டுங்களேன் என்று கேட்டேன். "அதெல்லாம் எங்க லைன்ல பொம்பளைங்க வேலைம்மா" என்றீர்கள், தலையை நிமிர்த்தாமலே. கண்ணாடி மாற்றும் பையன் சிரித்தான். ஒரு பெண்ணிடம், அவள் கேட்ட வேலையைப் பெண்கள் வேலை என்று தள்ளிவிட்டீர்களே, ஐயா! மறுவாரம் முதல் நான் வரவில்லை.

சொல்லாமல் நின்றதற்கு மன்னிக்க வேண்டும். சொல்லிக்கொண்டு போவதற்கு நீங்கள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் உண்மை.

ஜாலஹள்ளியில் ஒரு கன்னட அம்மாவிடம்தான் மிச்சத்தைக் கற்றேன். எச்.எம்.டி., 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து தொடங்கிய, நீங்களும் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் ஹேர் ஸ்பிரிங் பிரிவில் இருந்தவர். வேகமாக ஓடும் வாட்ச் ஒன்றைக் கொடுத்தேன். அவர் திறக்கவேயில்லை, திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தார், முள் ஆடிற்று. காந்தம் எடுக்கும் கருவியில் சில நொடிகள் காட்டியதும் ஓட்டம் சரியாகிவிட்டது. காந்தம் ஏறினாலோ எண்ணெய் பட்டாலோ சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் குறைகிறது. மணிக்கு 18,000 முறை துடிக்க வேண்டியது அதற்கு மேல் துடிக்கிறது. எண்ணெய் என்றால் கழுவினால் போதும். இவ்வளவுதான் விஷயம். வங்கிக்காரரின் பேலன்ஸ் நினைவுக்கு வந்து அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

தொழிற்சாலை லைனில் ஒரு மேசைக்கு ஒரு வேலைதான் என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். சக்கரங்கள் உங்கள் மேசைக்கு வந்தன, ஸ்பிரிங் பெண்களின் மேசைக்குப் போயிற்று. அப்படியானால் அன்று நீங்கள் சொன்னது ஏளனம் அல்ல. அந்த வேலையை உங்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை என்பதை உங்களால் முடிந்த விதத்தில் சொல்லியிருக்கிறீர்கள். இதைப் புரிந்துகொண்டபோது உங்கள் மேல் பாசம்தான் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை. உங்கள் பெயரைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்து, பேத்தியின் கல்யாணத்துக்கு நீங்கள் வந்து சாப்பிட்டுப் போனதைச் சொன்னார். அவர் வீடு உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு சீட்டில் முகவரி எழுதி என்னை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

கைத்தொழில் கற்க ஆள் தேடும் பிள்ளைகள் இப்போது என்னிடமும் வந்து விசாரிக்கிறார்கள். எந்த வேலையைத் தன் கையால் செய்தார் என்று கேளுங்கள். தனக்கு வராத வேலையை யாரிடம் அனுப்புகிறார் என்பதையும் கேளுங்கள், இரண்டாவது கேள்விக்குக் கோபப்படுகிறவரிடம் பாதியைத்தான் கற்க முடியும் என்கிறேன். உங்களை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். பாதியானாலும் அதை உங்களைப் போலச் சுத்தமாகச் சொல்லித்தர இந்த ஊரில் வேறு ஆளை நான் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வேலையும் பட்டை மாற்றுவதும் என் மேசையில் கிடையாது. அவை உங்கள் கடைக்கே வரட்டும். சக்கரம் தேய்ந்து வருபவற்றையும் உங்களிடமே அனுப்புகிறேன். ஹேர் ஸ்பிரிங் வேலை வந்தால் பையனிடம் ஒரு கவரில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள், மாலைக்குள் திரும்பிவிடும். கவரின் மேல் என் பெயர் எழுத வேண்டாம். வாடிக்கையாளரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் கடை ஸ்டூலில் உட்கார்ந்து பழகியவள்