‘அறை வெப்பம்’ எந்த ஊர் அறையில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய வைன் வகைகளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில். தமிழ்ப் பேப்பரில் இதையெல்லாம் யார் எழுதுகிறார்கள்? இரண்டாம் தடவை கையில் பேனையோடு. கொழும்பில் ஒரு ஹோட்டல் பாரில் 31 வருடம் ஸ்டுவர்ட்டாக நின்றவன் நான். பிழையைக் கண்டால் சும்மா இருக்க முடியவில்லை.

“சிவப்பு வைனைக் குளிரவைக்கக் கூடாது, அறை வெப்பநிலையிலேயே பரிமாற வேண்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊர் அறை? கொட்டாஞ்சேனையில் இந்தக் கடிதத்தை எழுதுகிற என் அறையில், காற்றாடி முழு வேகத்தில் சுற்றியும் 30 பாகை. அந்த விதி பிரெஞ்சுக்காரருடையது. நிலவறையில் 12 பாகை அளவில் கிடக்கும் போத்தலைச் சாப்பாட்டுக்கு முன்னரே மேலே கொண்டுவந்து, அறையின் இளஞ்சூட்டுக்கு வரவிடுவார்கள். ஹீட்டர் இல்லாத காலத்துக் கல்வீடுகளில் அந்த இளஞ்சூடு என்பதே 16 முதல் 18 பாகைதான். நம்மூரில் அது ஏசியைக் கடைசிவரை குறைத்துவிட்டுப் போர்த்திக்கொள்ளும் குளிர்.

நானும் இதைப் பாடமாக்கி வைத்திருந்தவன்தான். 1993இல், நத்தார் முடிந்த கையோடு ஒரு பிரெஞ்சுத் தம்பதி சாப்பிட வந்து ஒரு பர்கண்டி சிவப்பு வைன் கேட்டார்கள். தட்டிலிருந்து எடுத்துத் துடைத்து, பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்த அம்மா காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவது போலப் புறங்கையால் போத்தலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஐஸ் வாளி கேட்டார். “மேடம், சிவப்பு வைனுக்கு ஐஸ் வைப்பதில்லை” என்றேன். அவர் சிரித்தார், திட்டவில்லை. அதுதான் இன்னும் சுடுகிறது. தலைமை ஸ்டுவர்ட் எங்கிருந்தோ வாளியோடு வந்து என்னை ஒதுங்கச் சொன்னார்.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. பார் மூடியிருந்தது. தலைமை ஸ்டுவர்ட் அண்ணன் என்னை உட்காரவைத்து, மூடிவைத்திருந்த மிச்ச வைனை இரண்டு கிளாஸில் ஊற்றினார். ஒன்று மேசையிலேயே இருந்தது, மற்றது ஐஸ் தண்ணீரில் நின்றது. சூடானதை முகர்ந்தால் ஸ்பிரிட் வாடைதான் முதலில் மூக்கில் ஏறியது, ஊசி போடுமுன் பஞ்சால் துடைப்பார்களே, அந்த வாடை. குளிர்ந்ததில் அது அடங்கி, முதல் மழை விழுந்த மண்ணின் வாசமும் ஜம்புப் பழம் போல ஒரு மெல்லிய புளிப்பும் வந்தன. இரண்டும் ஒரே போத்தல்.

சுவைத்துவிட்டுத் துப்பினேன். எப்போதும் துப்புவதுதான் என் வழக்கம், இந்தத் தொழிலில் அது மரியாதைக் குறைவும் அல்ல. அப்பாவைக் கசிப்பு, அந்தக் கள்ளச்சாராயம், கொண்டுபோனது. அம்மா இருந்தவரைக்கும் வேலை முடிந்து வந்து வாசலில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவேன். ஆகையால் குடியைப் பரப்ப வந்தவன் என்று யாரும் அடுத்த வாரம் எனக்குப் பதில் கடிதம் போட வேண்டாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிக்குப் பாதி, அதில் 15 நிமிடம். வெறும் ஐஸ் மட்டும் போட்டால் இடையில் காற்று நிற்கும், குளிரேற நேரம் எடுக்கும். பிரிட்ஜ் மேல் போத்தலை வைக்காதீர்கள், அங்கே சூடும் அதிர்வும். கார்க் வைத்த போத்தலை மாதக்கணக்காக நிமிர்த்தி வைத்தால் கார்க் காய்ந்து காற்று போகும்.

அடுத்தது “துறைமுக வைன்”. போர்ட் என்ற இனிப்பு வைனின் பெயரை இப்படி மொழிபெயர்த்திருக்கிறீர்கள். போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரத்தின் பெயரால் வந்தது அது. போர்ட்டோ என்றால் துறைமுகம்தான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பருத்தித்துறை வடையை யாராவது “பஞ்சுத் துறைமுக வடை” என்று எழுதினால் வடமராட்சிக்காரர் விடுவார்களா?

போர்ட்டின் கதையும் வெப்பத்தின் கதைதான். திராட்சை விளைவது டோரோ பள்ளத்தாக்கில். எந்த நிலத்துத் திராட்சை போர்ட்டுக்கு ஆகும் என்று 1756இலேயே அரசு எல்லை போட்ட இடம். சாறு பாதி புளித்துக்கொண்டிருக்கையில் 77 வீத அல்ககோல் உள்ள திராட்சை ஸ்பிரிட்டை ஊற்றிப் புளிப்பதை நிறுத்திவிடுவார்கள், சீனி உள்ளேயே நின்றுவிடும். பள்ளத்தாக்கில் கோடை வெயில் அடுப்பு போல. அங்கேயே வைத்தால் வைன் சீக்கிரம் முதிர்ந்துவிடும் என்று, படகில் ஏற்றி ஆற்றோடு இறக்கி, போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில், கடற்காற்று படும் கிடங்குகளில் முதிரவைத்தார்கள். வைனை அடைக்கும் பெரிய மர உருளைக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘பீப்பா’. நம் வாயில் புழங்கும் பீப்பா அதேதான், தவறணை என்ற சொல்லும் போர்த்துக்கேயக் கப்பல்காரரோடு வந்ததுதான். இவ்வளவு சொந்தம் இருக்கும்போது துறைமுகம் எதற்கு?

கொழும்புக்குப் பொருத்தமானது எது என்று கேட்டால், கட்டுரை ஒரு வரியில் தாண்டிப்போன மடெய்ரா வைனைச் சொல்வேன். போர்த்துக்கல்லின் மடெய்ராத் தீவிலிருந்து கப்பலில் வெப்ப நாடுகளைச் சுற்றித் திரும்பிய பீப்பாக்களில் வைன் கெடாமல் ருசி கூடியிருந்ததைக் கண்டவர்கள், பிறகு வேண்டுமென்றே சூடாக்கத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஒரு முறையில் 45 முதல் 50 பாகையில் குறைந்தது மூன்று மாதம் வைக்கிறார்கள். அவ்வளவு வெந்ததை நம் வெயில் என்ன செய்யும்? திறந்த போத்தல் எங்கள் பாரில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறது.

“மெழுகுவர்த்தி ஏற்றுவது சூழலுக்கு அழகு சேர்க்க” என்றும் எழுதியிருக்கிறீர்கள். இல்லை ஐயா. பழைய விண்டேஜ் போர்ட்டில், அதாவது ஒரே வருட விளைச்சலில் செய்ததில், மண்டி அடியில் படிந்திருக்கும். ஒரு நாள் முன்னரே போத்தலை நிமிர்த்தி வைத்து, ஜாடியில் ஊற்றும்போது போத்தல் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்தால் கருநூல் போல மண்டி வருவது தெரியும். அந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும். இங்கிலாந்து மேசையில் அந்த ஜாடி இடப்பக்கமாகவே சுற்றும், ஏன் என்று ஆளுக்கொரு கதை. யாராவது தன் முன்னால் நிறுத்திக்கொண்டால் நேராகக் கேட்க மாட்டார்கள். “நொரிச் ஆயரைத் தெரியுமா?” என்று கேட்பார்கள். தெரியாது என்று அப்பாவியாகப் பதில் சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நம் வீடுகளில் யாரும் விலை கொடுத்து இதை வாங்குவது அபூர்வம். பாரிஸிலிருந்து வரும் மச்சான்தான் ஒரு போத்தல் கொண்டுவருவார். அது கண்ணாடி அலுமாரியில், பல்ப் வெளிச்சத்தில், பொம்மைகளோடு வருடக்கணக்காக நிற்கும். பழசானால் ருசி கூடும் என்று நினைப்பு. பெரும்பாலான வைன் அப்படிக் காத்திருக்கச் செய்ததல்ல. என் தங்கை ஒன்பது வருடம் வைத்திருந்து மகளின் கலியாணத்துக்குத் திறந்தாள். வினாகிரி.

அதே அலுமாரியில் இன்னொன்று இருக்கிறது. உங்கள் கட்டுரையை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாளாம், அதன்படிதான் திறப்பாளாம். தயவுசெய்து வருகிற ஞாயிறே திருத்தத்தைப் போடுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள், பேப்பரில் வந்தால் கேட்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பார் ஸ்டுவர்ட்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13