கானாவுக்கும் இடம் வேண்டும்

ஐயா,

தெருப் பாடகர்களை ஆதரிக்கக் கோரும் தங்கள் தலையங்கத்தை மனமார வரவேற்கிறேன். 2017இல் யுனெஸ்கோவின் இசை நகரங்கள் பட்டியலில் சென்னை இடம்பெற்றது. அந்தப் பெருமையில் சபாக்களைப் போலவே வடசென்னையின் கானாவுக்கும் பங்கு உண்டு. ஆனால் கானா பாடுபவர் தெருவில் நின்றால் பிச்சைக்காரர் என்றே விரட்டுகிறோம்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் முதியவர் ஒருவர், சைக்கிள் கேரியரில் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு பாடுவார். 'சில்லறை இல்லை' என்று நகர்ந்தவர்கள்கூட, அவர் கழுத்தில் க்யூஆர் அட்டை தொங்கத் தொடங்கியதும் நின்று, முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுப் பத்தோ இருபதோ அனுப்புகிறார்கள். கேட்க ஆள் இருக்கிறது, நின்று பாடத்தான் இடமில்லை. வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாயில், காசிமேடு போன்ற பகுதிகளில் மாலை நேரத்தில் பாட மாநகராட்சி இடம் ஒதுக்கி, அடையாள அட்டையும் மின் இணைப்பும் வழங்கலாம்.

– ஒரு வாசகர், ராயபுரம்