249 கிராம்தானே என்று சொல்லும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரில் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு, கோயில் திருவிழா என்று ஓடி ஓடி, ட்ரோனையும் ஏற்றிப் படம் எடுக்கும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேரை எனக்கு முகம் தெரியும். விடியுமுன் மண்டபத்துக்கு வந்து, மணப்பெண் அலங்காரத்தில் தொடங்கி, கடைசிப் பந்திக்கு நீங்கள் உட்காரும்போது சாம்பார் ஆறிப்போயிருக்கும். அந்த உழைப்பைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எனக்கும் ட்ரோன்தான் சோறு போடுகிறது, கட்டடங்களின் வெளிச்சுவரைப் படம் பிடித்து விரிசல் இருக்கிறதா, ஓடு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை, உரிமம் வாங்கித்தான் செய்கிறேன்.

இந்த மடலை எழுதவைத்தது என் அக்கா மகளின் கல்யாணம்.

மாலை ஏழு மணி இருக்கும். மண்டபத்துக்கு வெளியே கூடாரம் போட்டு, ஓரமெல்லாம் சீரியல் விளக்குத் தோரணம் கட்டியிருந்தோம். மாப்பிள்ளை அழைப்பு, மேளம் உச்சத்தில் இருக்கிறது, படம் எடுக்க வந்த தம்பி கூட்டத்துக்கு நடுவில் நின்று ட்ரோனை ஏற்றினார். கையிலிருந்த திரையை மட்டும் பார்த்துக்கொண்டு கூடாரத்தின் மறுகோடி வரை அதைக் கொண்டுபோய்விட்டார். அங்கே சிக்னல் பலவீனம் என்று எச்சரிக்கை வந்ததும் பதறிப்போய், திரும்பி வரச்சொல்லும் பொத்தானை அழுத்தினார். உங்களுக்கே தெரியும், சற்றுத் தள்ளிப் போன ட்ரோன், நாம் அந்தப் பொத்தானை அழுத்தினால் நேராக நம்மிடம் வந்துவிடாது, முன்பே குறித்து வைத்த உயரத்துக்கு முதலில் செங்குத்தாக ஏறும், அப்புறம்தான் திரும்பும். அது நின்ற இடமோ தோரணத்துக்கு நேர் கீழே. ஏறியது, சிக்கியது, விழுந்தது. கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் பெரியம்மாவின் முன்கையில் மூன்று கீறல், பிளேடால் இழுத்த மாதிரி, வரிசையாக. பட்டுச்சேலை மடியில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்துப் பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள். முகத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அந்தத் தம்பி ஓடி வந்தார். நல்ல பிள்ளை, கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவர் வாயில் வந்த முதல் பேச்சு இதுதான்: "அண்ணே, இது 249 கிராம்தாண்ணே, இதுக்கு லைசென்ஸ் தேவையே இல்ல."

அன்றிலிருந்து இந்தப் பேச்சைக் குறைந்தது பத்துப் பேரிடம் கேட்டுவிட்டேன். எல்லோரும் உண்மையிலேயே நம்புகிறார்கள். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன்.

250 கிராமுக்கு மேல் உள்ள ட்ரோனை சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். பொழுதுபோக்காக 1.5 கிலோவுக்கு மேல் பறக்கவிட்டால் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும், 7 கிலோவைத் தாண்டினால் விமானி உரிமமே வேண்டும். இந்தப் படிக்கட்டு முழுவதும் பொழுதுபோக்குக்கும் படிப்புக்கும் பறக்கவிடுகிறவர்களுக்கானது. நீங்கள் கூலி பேசி, முன்பணம் வாங்கி, ஆல்பத்தோடு சேர்த்து "மேலேயிருந்து எடுத்த காட்சி" என்று விற்கிறீர்கள். அது தொழில். தொழிலுக்காகத் திறந்தவெளியில் பறக்கவிட்டால் எடை பார்ப்பதே கிடையாது. ஓட்டுகிறவருக்கு விமானி உரிமம், வேலையை நடத்துகிறவருக்கு ஓர் அனுமதி, அந்தந்த வேலைக்கும் இடத்துக்கும் தனியாக இன்னோர் அனுமதி, மூன்றும் வேண்டும். 249 கிராம் உங்களுக்குத் தருகிற ஒரே சலுகை பதிவு செய்ய வேண்டாம் என்பது. அதுவும் பெரிய பேட்டரியைப் போட்டாலோ, விசிறியைச் சுற்றிக் காப்பு மாட்டினாலோ போய்விடும், ஏனென்றால் ட்ரோன் மேலே ஏறும்போது என்ன எடையோ அதுதான் கணக்கு. உங்கள் 249 கிராம் மினி வகைக்கு அதிக நேரம் பறக்கும் பேட்டரி ஒன்று விற்கிறார்களே, அதைப் போட்டு ஒரு தடவை சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

தண்டனையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அதைப் பற்றிப் பேசமாட்டேன். பதிவு செய்யாமல் பறக்கவிட்டால் 10,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அனுமதி வேண்டிய இடத்தில் அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் முதல் தடவைக்கே 50,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டத்துக்குப் பயந்து உரிமம் எடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நான் படித்தபோது கிடைத்தது வேறு. பயிற்சிக்குப் போகுமுன் மூன்று ஆண்டு ட்ரோன் ஓட்டியவன் நான், எல்லாம் தெரியும் என்ற நினைப்பில்தான் போனேன். முதல் நாளே பயிற்றுநர் 200 அடி என்றால் எங்கிருந்து என்று கேட்டார். தரையிலிருந்து என்று சொன்னேன். தவறு. அனுமதி இல்லாமல் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடும் அந்த 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர், கடல் மட்டத்திலிருந்து அளப்பது. உங்கள் திரையில் காட்டும் உயரமோ ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து அளப்பது. புக்கிட் தீமா உச்சி ஏறக்குறைய 164 மீட்டர். அங்கே நின்று ட்ரோனை ஒரு முழம் உயர்த்தினாலும் வரம்பை எப்போதோ தாண்டியாகிவிட்டது, திரையில் மட்டும் அரை மீட்டர் என்று காட்டும். ஃபேபர் மலையிலும் இதே கதைதான். பல மாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைத் தளத்தில் நின்று ஏற்றுகிறவர்கள், நிற்கும் உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். மூன்று ஆண்டில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று அந்த மொட்டைத் தளத்தைப் பற்றியே. கான்கிரீட்டுக்குள் முழுக்க இரும்புக் கம்பி. அதன் மேல் ட்ரோனை வைத்துத் திசைகாட்டியைச் சரிசெய்தால் அது தப்பான வடக்கைப் பிடித்துக்கொள்ளும், மேலே போனதும் நேராக நிற்கத் தெரியாமல் வட்டமடிக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவில் ஜிபிஎஸ் அலை சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் ட்ரோன் தான் இருக்கும் இடத்தையே மாற்றிப் புரிந்துகொள்ளும். அப்படிப்பட்ட நேரத்தில் கையால் ஓட்டத் தெரிய வேண்டும். ஜிபிஎஸ் துணையை அணைத்துவிட்டு, காற்று தள்ளத் தள்ள, ட்ரோனின் மூக்கு நம்மைப் பார்த்தபடி ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார்கள் பாருங்கள், வலது இடதாக மாறும், மூளை கலங்கும், முதல் வாரம் எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. எட்டுப் போட்டுப் போட்டு இரண்டாவது வாரக் கடைசியில்தான் விரல்கள் தானாகப் போக ஆரம்பித்தன. அந்தக் கல்யாணத்தில் அந்தத் தம்பிக்கு இந்த இரண்டு வாரம் கிடைத்திருந்தால், அவர் பொத்தானைத் தொடாமல் மெதுவாகக் கீழே இறக்கியிருப்பார்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். விடிகாலையில் மேற்கிலிருந்து வருகிற சுமத்ரா காற்றை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், பத்து நிமிடத்தில் வானம் கறுத்து மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். மினி வகை ட்ரோன் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்வதே மணிக்கு 38 கிலோமீட்டர் அளவுதான். காலை முகூர்த்தம், கடற்கரையோரம் படப்பிடிப்பு என்றால் முதலில் வானிலை ரேடாரைப் பாருங்கள். எடை குறைவாக இருப்பது அங்கே நமக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

அப்புறம் இடம். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று விமான நிலையங்களும் விமானப்படைத் தளங்களும் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டுப் பாருங்கள். ஈசூன், உட்லண்ட்ஸ், பொங்கோல், ஹவ்காங், தெம்பனிஸ், சுவா சூ காங் எல்லாம் உள்ளே வந்துவிடும், அங்கெல்லாம் அனுமதி வேண்டும். இதுபோக அதிபர் மாளிகையான இஸ்தானா மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடங்கள். பூங்காவுக்குத் தேசியப் பூங்காக் கழகத்திடம் கேட்க வேண்டும். ஒன்மேப் என்ற அரசு இணையத்தளத்தில் ட்ரோன் வரைபடம் இருக்கிறது, முகவரியைப் போட்டால் தெரிந்துவிடும், வேலையை ஒப்புக்கொள்ளுமுன் பாருங்கள், கல்யாணப் பத்திரிகை அச்சடித்த பிறகு பார்த்துப் பயனில்லை. 2019 ஜூனில் ஒரே இரவில் ட்ரோன்களால் சாங்கியில் 37 விமானங்கள் தாமதமானது ஞாபகம் இருக்கும். இப்போது, 2025 டிசம்பர் 1 முதல், பதிவு செய்ய வேண்டிய ட்ரோன்கள் வெளியில் பறக்கும்போது தங்கள் அடையாளத்தை அலையில் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கல்யாண வீட்டாரும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. ட்ரோன் காட்சி இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லாதீர்கள். உரிமம் இருக்கிறதா, அனுமதி வாங்கியாச்சா, விருந்தாளிகள் தலைக்கு மேல் வராமல் எப்படி ஓட்டுவீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

தம்பிகளே, தனி ஆளாக அனுமதி வாங்குவது பாரம் என்பது எனக்குத் தெரியும். இயக்க நடைமுறை எழுத வேண்டும், ஆபத்துக் கணிப்பு எழுத வேண்டும், ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். நாலைந்து பேர் ஒரே நிறுவனமாகச் சேர்ந்து வாங்குங்கள், அல்லது ஏற்கெனவே அனுமதி வைத்திருப்பவரோடு சேர்ந்து வேலை செய்யுங்கள். சில பயிற்சிகளுக்கு, திறன் வளர்க்க அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் தொகை செல்லும். உரிமம் கையில் வந்தால் கல்யாணத்தோடு நிற்க வேண்டியதும் இல்லை. 13 மீட்டருக்கு மேல் உயரமும் 20 ஆண்டுக்கு மேல் வயதும் உள்ள கட்டடங்களின் வெளிச்சுவரை ஏழு ஆண்டுக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது, நாங்கள் பார்க்கும் வேலை அதிலிருந்துதான் வருகிறது, ஆள் தேவைப்படுகிறது.

எழுத்துத் தேர்வுதான் பயம் என்று சிலர் சொன்னீர்கள். வான்வெளிச் சட்டம், வானிலை, பேட்டரி, எல்லாம் ஆங்கிலத்தில், படித்தால் தலை சுற்றுகிறது என்றீர்கள். கட்டுமானத் தளத்துப் பாதுகாப்புப் பாடத்தை இந்த ஊரில் தமிழில் நடத்துகிறார்கள், நம் ஆட்கள் தேர்ச்சி பெற்று வேலைக்குப் போகிறார்கள். இதையும் தமிழில் புரியவைக்க முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சும்மாதான் இருக்கிறேன், ஈசூன் பக்கம் புளோக்குக்குக் கீழே மேசை இருக்கிறது, நாலு பேர் வந்தாலும் சரி, உட்கார்ந்து சொல்லித்தருகிறேன், காசு வேண்டாம். ட்ரோனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முதல் மூன்று வாரம் வரைபடமும் பென்சிலும் போதும்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்