டெஸ்ட் கடிகாரத்தை அவசரப்படுத்த விடாதீர்கள்

எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்கக அதிகாரிகளுக்கு,

வணக்கம். மும்பை ஹை எண்ணெய் வயலில், கடலடியில் குழாய் பதிக்கும் பார்ஜ் என்ற மிதவைக் கப்பல்களில் பல சீசன் வேலை பார்த்தவன் நான். முதலில் வெல்டிங், அப்புறம் ஹைட்ரோ டெஸ்ட், அதாவது குழாயில் தண்ணீர் அழுத்தம் ஏற்றிக் கசிவு பார்ப்பது.

அங்கே பருவமழை வந்துவிட்டால் குழாய் பதிக்க முடியாது. அக்டோபரில் தொடங்கிய வேலை மே மாதத்துக்குள் முடிந்தாக வேண்டும். வெல்டிங்கில் நாட்களைக் குறைக்க வழியில்லை. ஒவ்வொரு இணைப்பும் சோதனையில் தேறிய பிறகுதான் குழாய் கடலில் இறங்கும். அதனால் தாமதம் முழுவதும் கடைசியில் டெஸ்டின் தலையில் விழுகிறது.

குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றியபின் 24 மணி நேரமாவது நிறுத்திப் பார்க்கச் சொல்கிறது, கடலடிக் குழாய்களுக்கான டிஎன்வி என்ற நார்வே அமைப்பின் தரநிலை. அதற்குக் காரணம் இருக்கிறது. மேல்மட்டத்துச் சூடான தண்ணீர் குளிர்ந்த கடலடிக்குப் போனதும் மெல்லக் குளிரும், அழுத்தம் இறங்கும். குழாய்மேல் கான்கிரீட் பூச்சு இருந்தால் இன்னும் மெல்ல. கடலடியிலிருந்து மேலே ஏறும் ரைசர் குழாயில் வெளியே தெரியும் பகுதி பகலில் சுடும், இரவில் ஆறும். சின்னக் கசிவு இருந்தாலும் அழுத்தத்தைப் பதியும் சார்ட்டில் கோடு அப்படியேதான் இறங்கும். காத்திருக்காமல் இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

ஒரு மே மாதம் எங்கள் லைனில் இரவோடு இரவாக அழுத்தம் இறங்கியது. "டெம்பரேச்சர்தான்" என்றார் மேலாளர். பம்ப் போட்டு ஏற்றினோம், நேரத்தைத் திரும்ப எண்ணவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் இறங்கிய டைவர், போல்ட் போட்டு இறுக்கிய ஒரு ஃபிளாஞ்ச் இணைப்பின் ஓரம் பச்சைச் சாயம் புகைபோலக் கசிவதைப் பார்த்தார். தண்ணீரில் சாயம் கலந்திருந்ததால் தெரிந்தது. உள்ளே எண்ணெய் ஓடும்போது தெரிந்திருந்தால்? அதை நினைத்தால் இன்றும் தூக்கம் போகிறது.

2008 விதிகளின்படி கடல் எண்ணெய் வேலைகளின் பாதுகாப்புப் பொறுப்பு உங்களுடையது. வெப்பநிலை நிலைத்தபின்தான் கடிகாரம் ஓட வேண்டும். நடுவில் பம்ப் போட்டால் பூஜ்ஜியத்திலிருந்து எண்ண வேண்டும். டெஸ்ட் நாட்களுக்குத் தாமத அபராதம் கூடாது. ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்காத ஒருவர் முழு நேரமும் சார்ட் அருகே இருக்க வேண்டும். அடுத்த அக்டோபரில் பார்ஜ்கள் கிளம்புவதற்குள் இதை எழுத்தில் கொடுங்கள்.

இப்படிக்கு,
பழைய டெஸ்ட் டெக்னீஷியன் ஒருவன்