கயலுக்கு, ஆங்கிலமும் வரலாறும் பற்றி

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று நழுவிவிட்டேன். உன் அப்பா பக்கத்தில் இருந்ததுதான் காரணம். "இங்கிலீஷா ஹிஸ்டரியா, ஏதாவது ஒண்ணைச் சொல்லு" என்று அவர் அலுத்துக்கொண்டது எனக்கும் காதில் விழுந்தது. இங்கிலாந்தில் இரண்டையும் சேர்த்து ஒரே பட்டமாகத் தருகிறார்களாமே, நம்ம சென்னையில் ஏன் இல்லை என்று கேட்டாய் அல்லவா? அதற்கு என் கல்லூரிக் கதையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் பி.ஏ. ஆங்கிலம் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம், உன் அம்மாவுக்குத் தெரியும்) 'இங்கிலாந்தின் சமூக வரலாறு' அலாய்டு, அதாவது துணைப் பாடம். முதல் பீரியட் அதுதான். மேடம் நோட்ஸ் சொல்லுவார், நாங்கள் எழுதுவோம். ஊர்ப் பொது நிலங்களைப் பெரிய பண்ணைக்காரர்கள் வேலி போட்டு வளைத்துக்கொண்டதற்குக் காரணங்கள் ஐந்து, விளைவுகள் ஆறு. அடுத்த பீரியட் மெயின். கவிஞர் கோல்ட்ஸ்மித் 1770-இல் வெளியிட்ட 'தி டெசர்ட்டட் வில்லேஜ்'. பணக்காரன் ஒருவன் நிலத்தை வளைத்ததில் ஒரு கிராமமே காலியாகிப்போவதைப் பற்றிய நீண்ட கவிதை. அதே வேலி, அதே நிலம், அதே சனம். இரண்டு பீரியடுக்கும் நடுவில் ஒரு மணி அடித்தது, அவ்வளவுதான். ஆனால் இரண்டும் ஒரே விஷயம் என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. வரலாற்றுக்கு நீல நோட்டு, கவிதைக்குப் பச்சை நோட்டு.

பல வருஷம் கழித்து அஞ்சல் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தபோதுதான் அந்தக் கவிதையின் சமர்ப்பண உரையை ஒழுங்காகப் படித்தேன். ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸுக்கு எழுதியது. கிராமங்கள் இப்படிக் காலியாவதை எங்குமே காணோமே என்று நீங்கள் மறுப்பீர்கள், ஆனால் நான் நாலைந்து வருஷமாக நாட்டுப்புறத்தில் சுற்றி, முடிந்தவரை உறுதிசெய்துகொண்டுதான் சொல்கிறேன் என்கிறார் கோல்ட்ஸ்மித். கவிதை எழுதுகிறவனுக்கு எதற்குச் சாட்சி? யார் அவரை நம்ப மறுத்தார்கள்? அன்று முழுக்க எனக்கு இதே நினைப்பு. என் இலக்கிய வகுப்பில் இந்தக் கேள்வி வந்திருக்காது, ஏனென்றால் சமர்ப்பணம் பரீட்சைக்கு இல்லை. அலாய்டு வகுப்பிலும் வந்திருக்காது, அங்கே கவிதைக்கே இடமில்லை. இரண்டு நோட்டுக்கும் நடுவில் கிடந்த கேள்வி அது. கூட்டுப் பட்டம் எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான் என்பேன்.

ஆக்ஸ்ஃபோர்டில் 'ஹிஸ்டரி அண்ட் இங்கிலீஷ்' மூன்று வருஷப் படிப்பு. அதில் 'பிரிட்ஜ்' என்று சில தாள்கள் உண்டு. இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து நடத்துவார்கள். உண்மையில் எனக்குப் பொறாமை அந்தத் தாள்கள் மேல்தான், பட்டத்தின் பெயர் மேல் அல்ல. பாலம் இல்லாமல் பாதி இது, பாதி அது என்று கொடுத்தால் உனக்கும் நீலமும் பச்சையும்தான் மிஞ்சும்.

நம் பக்கத்திலும் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. கேரளத்தில் ஆங்கிலமும் வரலாறும் 'டபுள் மெயின்' என்று தருகிற கல்லூரிகள் இருக்கின்றன. பெங்களூரில் மூன்று பாடம் சேர்த்த பி.ஏ. பழைய வழக்கம். சென்னையில் பொதுவாக ஒரு மெயின், கூட அலாய்டு. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-இல் சொன்னது. ஆனால் இரண்டு பக்கமும் செமஸ்டர் பரீட்சை வைத்துக்கொண்டு பத்தொன்பது வயதில் அல்லாட வேண்டுமா? எனக்குப் பிடிக்கவில்லை.

உன் அப்பாவின் கவலை வேலை. சிவில் சர்வீஸ் தேர்வுக்கு எந்தப் பட்டமும் செல்லும். பள்ளி ஆசிரியர் வேலை என்றால் மட்டும் ஜாக்கிரதை, எது மேஜர் என்று துருவிப் பார்ப்பார்கள். டபுள் டிகிரி, கிராஸ் மேஜர் (பி.ஏ. ஒரு பாடம், எம்.ஏ. வேறு பாடம்) என்று கோர்ட் வரை போயிருக்கிறார்கள். அதை விசாரித்துக்கொண்டு சேர்.

என் ஓட்டு வரலாறு மெயினுக்கு. எம்.ஏ.வில் ஆங்கிலம் எடுத்துக்கொள். கவிதையும் நாவலும் எப்படியும் படுக்கையில் படிப்பாய். பஞ்ச அறிக்கையை யாரும் படுக்கையில் படிப்பதில்லை, அதற்கு ஒரு வாத்தியார் வேண்டும்.

பஞ்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. மயிலாப்பூரிலிருந்து சேப்பாக்கத்துக்குப் பறக்கும் ரயிலில் போகிறாயே, கீழே கறுப்பாகக் கிடக்கிறதே பக்கிங்காம் கால்வாய். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தத் துண்டு 1877-78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டி சொல்வாரே, அதுதான். அதே பஞ்சத்தில் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அரைக் கிலோகூட இல்லை. சென்னை மாகாணத்தின் சுகாதார கமிஷனர் கார்னிஷ், இதை வைத்து உடல் உழைப்பு செய்ய முடியாது என்று எதிர்த்தார். இருவரும் ஒரே அரசாங்கத்தின் ஆட்கள், எழுதியதும் ஒரே ஆங்கிலம்தான். நிவாரணத்துக்கு அவர்கள் எழுதிய 'ரிலீஃப்' என்ற அந்த ஒரு சொல்லை யார் எப்படிக் கையாண்டார் என்று பார்ப்பது இலக்கிய வேலையா, வரலாற்று வேலையா? அப்புறம், பஞ்சத்தைப் பற்றித் தமிழில் கும்மிப் பாட்டுகள் இருக்கின்றன. பசித்த பக்கத்திலிருந்து வந்த சொற்கள் அவை. ஆக்ஸ்ஃபோர்டில் படிப்பவருக்கு இரண்டு நோட்டு என்றால், இந்த ஊரில் உட்கார்ந்து படிக்கிற உனக்கு மூன்று. மூன்றாவதற்கு எந்தக் கல்லூரியும் உன்னிடம் ஃபீஸ் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கும் சிவப்புக் கட்டடத்தை வெளியிலிருந்தாவது காட்டுகிறேன். 1909-இல் கட்டியது. அன்று லீவு, உள்ளே விட மாட்டார்கள். என் நீல நோட்டு இன்னும் பரணில் இருக்கிறது. பச்சை நோட்டை உன் அம்மாவிடம் கேள். கோல்ட்ஸ்மித்துக்குப் பின்பக்கமெல்லாம் அவள் பால் கணக்கு எழுதி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
சித்தி