குதிரைய பைக் மாதிரி காட்டாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க ஞாயிறு இணைப்புல வீடியோ கேம் கிராபிக்ஸ் பத்தி ஒரு கட்டுரை வந்துச்சு, அதுல ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேம்ல வர்ற குதிரைக்கும் நெச குதிரைக்கும் வித்தியாசமே இல்லைங்கிற மாதிரி எழுதியிருந்தாங்க. நான் குதிரை சவாரி சொல்லிக்குடுக்குற எடத்துல வேலை பாக்குறேன், ராத்திரில கேமும் விளையாடுவேன். அதனால இத அப்படியே விட்டுட்டு போக மனசு வரல.

அந்த கேமுக்கு சேர வேண்டிய பாராட்ட மொதல்ல குடுத்துடறேன். 2018ல வந்தது, இன்னிக்கி வரைக்கும் குதிரை விஷயத்துல அத அடிச்சிக்க ஆள் கம்மி. தோலுக்கு அடியில சதை அசையுறது தெரியும், சேத்துல எறங்குனா ஒடம்பெல்லாம் ஒட்டும், பிரஷ் போட்டு தேய்ச்சு விடணும், குளிர்ல ஆண் குதிரையோட விதைப்பை சுருங்குறது வரைக்கும் செஞ்சு வச்சிருக்காங்க, அது அப்போ பெரிய செய்தியாவே ஓடுச்சு. பாம்ப பாத்தா மிரளும், பழக்கம் பத்தாத குதிரைன்னா ஆளையே கீழ தள்ளிடும், தட்டிக்குடுத்து சமாதானம் பண்ணணும். குதிரைய பக்கத்துல நின்னு பாத்தவங்களாலதான் இதெல்லாம் செய்ய முடியும்.

ஆனா அதே குதிரை களைச்சு போனா ஒரு கேரட்டோ ஒரு பாட்டில் டானிக்கோ குடுத்தா போதும், அடுத்த நிமிஷமே திரும்ப நாலு கால் பாய்ச்சல்ல கெளம்பிடுது, அங்கதான் எனக்கு பகீர்ங்குது. நெசத்துல குதிரை மணிக்கு 40, 45 கிலோமீட்டர் வேகத்துல பாயும், இல்லேங்கல, ஆனா அந்த வேகத்த சில கிலோமீட்டருக்கு மேல அதால தாங்க முடியாது. ஓடி வந்த குதிரைய அப்படியே லாயத்துல கட்டிடக்கூடாது, மூச்சும் நெஞ்சுத்துடிப்பும் எறங்குற வரைக்கும் மெதுவா நடத்தணும், சேணத்த கழட்டி தண்ணி ஊத்தி வேர்வைய வழிச்சு விடணும், கொள்ளோ ஓட்ஸோ வைக்கிறதெல்லாம் ஒடம்பு ஆறுனப்புறம்தான். ஏன்னா குதிரையால வாந்தி எடுக்க முடியாது. அவ்ளோ பெரிய ஒடம்புக்கு இரைப்பை ரொம்ப சின்னது, அதனாலதான் மேய விட்டா நாள்ல பாதிக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா மேஞ்சுக்கிட்டே இருக்கும். ஒரே தடவையில தானியத்த கொட்டிட்டா கோலிக்ங்கிற கடுமையான வயித்து வலி வந்துடும், வயித்த திரும்பி திரும்பி பாக்கும், கால ஒதைக்கும், தரையில விழுந்து பொரளும், டாக்டர் வர லேட்டானா செத்தே போயிடும். 450, 500 கிலோ எடை இருக்கு, ஆனா ஒரு வேளை தீனி மாறுனா ஆபத்து. இந்த பயத்தோடதான் குதிரை வச்சிருக்குற எல்லாரும் தூங்குறாங்க. பெரும்பாலான கேம்ல குதிரை ராத்திரி பூரா சேணத்தோட நிக்குது, காலைல தாவி ஏறி போயிடறாங்க.

மூச்சு விஷயமும் அப்படித்தான். குதிரை மூக்கால மட்டும்தான் மூச்சு விடும், பாயுறப்போ ஒரு தாவலுக்கு ஒரு மூச்சுன்னு கணக்கா வரும், மூக்கு ஓட்டை ரெண்டும் அகலமா விரியும். பல கேம்ல வாய தொறந்து இரைக்குது. அப்புறம் எதுக்கெடுத்தாலும் கனைக்குது. நெச குதிரை பெரும்பாலும் சத்தமே போடாது, எல்லாத்தையும் காதாலயும் வாலாலயும்தான் சொல்லும், அந்த காது எந்த பக்கம் திரும்புதுன்னு பாத்துதான் நாங்க அதோட மனசு எங்க இருக்குன்னு தெரிஞ்சுக்குவோம்.

கால் அசைவுல இன்னும் வருத்தம். வாக்ல, அதாவது நடையில, நாலு காலும் தனித்தனியா தரையில படும், ட்ராட்ங்கிற துள்ளு நடையில குறுக்கு ஜோடியா ரெண்டு ரெண்டா, கேன்டர்ங்கிற மெது ஓட்டத்துல மூணு தாளம், கேலப்ங்கிற முழு பாய்ச்சல்ல நாலு தாளம், அப்புறம் நாலு காலும் ஒரு கணம் தரையில இருக்காது. இத கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாமத்தான் பழைய ஓவியர்கள் முன்னங்கால முன்னாடியும் பின்னங்கால பின்னாடியும் நீட்டி பறக்குற மாதிரி வரைஞ்சாங்க. 1878ல கலிபோர்னியாவுல மைபிரிட்ஜ்ங்கிற போட்டோகிராபர் கேமராக்கள வரிசையா வச்சு படம் எடுத்தப்போதான் கால்கள் வயித்துக்கு அடியில சேந்து இருக்குறப்போதான் குதிரை காத்துல இருக்குன்னு தெரிஞ்சுது. அந்த படங்கள் இன்னிக்கும் அனிமேஷன் படிக்கிற பசங்களுக்கு பாடம். அப்படியிருந்தும் கேம்ல வாக்ல இருந்து நேரா கேலப்புக்கு தாவுது, நின்ன எடத்துலயே பம்பரமா சுத்துது, கால் தரையில வழுக்கிக்கிட்டே போகுது. ஸ்கைரிம்ங்கிற கேம்ல 2011லயே செங்குத்து மலையில குதிரை ஏறுச்சு, எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல.

இதுக்கு காரணம் எனக்கு புரியாம இல்ல. பட்டன் அமுக்குன ஒடனே திரும்பணும், லேட்டானா ஆடுறவங்களுக்கு எரிச்சல் வரும், அதனால குதிரைய ஒரு பைக்கா ஆக்கிடறாங்க. நெச குதிரை பைக் இல்ல, அதுக்குன்னு ஒரு மனசு இருக்கு, அது எப்பவும் பயந்துக்கிட்டே இருக்குற மனசு, ஏன்னா அது புலிக்கும் ஓநாய்க்கும் எரையா வாழ்ந்து வந்த பிராணி. இந்த மனச புரிஞ்சு செஞ்ச கேம்னா நான் ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்ஸத்தான் சொல்லுவேன். 2005ல பிளேஸ்டேஷன் 2ல வந்தது, கிராபிக்ஸ் இன்னிக்கி பாத்தா பழசு. ஆனா அதுல வர்ற அக்ரோங்கிற குதிரை நீங்க சொன்ன ஒடனே கேக்காது, ஒரு கணம் எடுத்துக்கும், பள்ளம் வந்தா தானா நின்னுடும், ஒடுக்கமான வழியில தானே பாத்து போகும். நீங்க ஆட்டி வைக்கிறது மேல ஒக்காந்திருக்குற ஆள மட்டும்தான். ஆடுனவங்க பல பேரு குதிரை சொன்ன பேச்சு கேக்கலன்னு குறை சொன்னாங்க, எனக்கோ லாயத்துல இருக்குற மாதிரியே இருந்துச்சு.

பிரெத் ஆஃப் தி வைல்டுங்கிற கேமும் பாதி கெணறு தாண்டுச்சு, புது குதிரை சொன்ன பக்கம் போகாது, தட்டிக்குடுத்து பழக்கணும். ஆனா காட்டு குதிரைய புடிக்க பதுங்கி போய் திடீர்னு மேல தாவி ஏறணும்னு வச்சிருக்காங்களே, அதுதான் என்னைய இந்த கடிதம் எழுத வச்சுது. குதிரைக்கு கண்ணு ரெண்டு பக்கத்துலயும் இருக்கு, கிட்டத்தட்ட சுத்தி பூரா தெரியும், ஆனா நேர் பின்னாடி தெரியாது, நெத்திக்கு நேர் முன்னாடியும் தெரியாது. தெரியாத எடத்துலருந்து எது வந்தாலும் பின்னங்காலால ஒதைக்கும், எலும்பு முறியும், தலையில பட்டா உயிரே போகும். எங்க கிட்ட வர்ற பசங்க, கேம்ல நாள் கணக்கா குதிரை ஓட்டுனவங்க, எந்த பயமும் இல்லாம நேரா பின்பக்கம் நடந்து போறாங்க. அவங்கள கைய புடிச்சு இழுத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கு. தோள் பக்கமா, கொரல் குடுத்துக்கிட்டே வரணும்னு சொன்னா ஆச்சரியமா பாக்குறாங்க.

இன்னொண்ணு, கோஸ்ட் ஆஃப் சுஷிமாங்கிற கேமோட கதை 1274ல ஜப்பான்ல நடக்குது. சுஷிமா தீவுக்குன்னே தைஷூங்கிற குட்டையான நாட்டு குதிரை இனம் உண்டு, இப்ப ரொம்ப கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு. கேம்ல வர்றதோ ஒசரமான குதிரை. அந்த குட்டை குதிரையவே காட்டியிருந்தா உலகம் பூரா அதோட பேரு தெரிஞ்சிருக்கும்.

எல்லாத்தையும் நெசம் மாதிரியே செய்யணும்னு நான் கேக்கல, லாடம் அடிக்கிறதையும் சாணி அள்ளுறதையும் யாரும் காசு குடுத்து விளையாட மாட்டாங்க. காதையும் மூச்சையும் கொஞ்சம் பயத்தையும் சேத்தா போதும். உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. இனிமே இப்படி கட்டுரை போடுறப்போ குதிரை பாத்துக்குற ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு போடுங்க. அதோட, ஊட்டிக்கோ பீச்சுக்கோ புள்ளைங்கள கூட்டிட்டு போற பெத்தவங்களுக்கு குதிரை பின்னாடி நிக்க விடாதீங்கன்னு ஒரு சின்ன பெட்டி செய்தி போடுங்க, லீவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வந்தா நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்